ஒரே சர்வரில் பல தளங்கள்: ஒன்று ஹேக் ஆனால் மற்றவை தப்புமா?

உபுண்டு சர்வரில் நான்கு வேர்ட்பிரஸ் தளங்கள். ஒன்றில் புகுந்தவன் மற்றவற்றைத் தொடாமல் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தனித்தனி ஃபோல்டர் மட்டும் போதாது.

வேர்ட்பிரஸின் பிஎச்பி கோடை ஓட்டும் புரோகிராமான பிஎச்பி-எஃப்பிஎம்மை (PHP-FPM) நிறுவியபடியே விட்டால் எல்லாத் தளமும் ஒரே லினக்ஸ் யூசர் பெயரில்தான் ஓடும். ஓட்டையுள்ள ஒரு பிளகின் வழியே வந்தவன், பக்கத்துத் தளத்தின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம்.

அதனால் தளத்துக்கு ஒரு யூசர், அவர் பெயரிலேயே ஓடும் தனி பூல் (பிஎச்பி-எஃப்பிஎம் புராசஸ்களின் தொகுப்பு), வெப்சர்வர் அந்த பூலோடு பேசத் தனி சாக்கெட். தளத்தின் ஃபைல்கள் எல்லாம் அந்த யூசருக்குச் சொந்தமாக இருக்கட்டும்; பெர்மிஷன், ஃபோல்டருக்கு 750 (குரூப் படிக்கலாம், வெளியார் தொட முடியாது), கான்ஃபிக் ஃபைலுக்கு 600 (சொந்த யூசர் மட்டும்). படங்களை வெப்சர்வரான என்ஜின்எக்ஸ் (Nginx) படிக்க வேண்டுமே? அதன் யூசரை ஒவ்வொரு தளத்தின் குரூப்பிலும் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் பழைய பொது பூலில் ஒரு தளம்கூட மிஞ்சக் கூடாது. அந்த பூலும் என்ஜின்எக்ஸின் யூசரிலேயே ஓடுவதால், மிஞ்சிய தளத்துக்கு மற்ற எல்லா ஃபோல்டரும் திறந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

குறிப்பிட்ட ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபைலை பிஎச்பி திறக்காமல் தடுக்கும் ஓப்பன் பேஸ்டிர் (open_basedir) செட்டிங்கே போதும் என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். டேட்டாபேஸ் யூசரும் தளத்துக்கு ஒன்று வேண்டும்.

முடித்ததும், ஒரு தளத்தின் யூசராக மாறி இன்னொன்றின் கான்ஃபிக் ஃபைலை, ஃபைலில் உள்ளதைக் காட்டும் 'கேட்' (cat) கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்று வர வேண்டும்.