மையத்தில் எடை இல்லை, சுமை உண்டு

கேள்வி: பூமியின் மையத்தில் ஈர்ப்பு பூஜ்யம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அங்கே அழுத்தம் பல லட்சம் மடங்கு என்கிறார்களே, இழுக்காத இடத்தில் அழுத்தம் எப்படி வரும்? என் மகளுக்குப் பள்ளியில், ஆழம் போகப் போக ஈர்ப்பு சீராகக் குறையும் என்று சொல்லித் தருகிறார்கள். அதுவாவது சரியா?

பதில்: பூஜ்யம்தான், அதில் மாற்றமில்லை. நீங்கள் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். மையத்தில் நிற்பவரை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுப்பதால் இழுப்புகள் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. அழுத்தம் என்பது மேலே இருக்கும் சுமை. நெல் மூட்டைகளை அடுக்கினால் அடி மூட்டையை நசுக்குவது அதன் சொந்த எடையா? மேலே உள்ள மூட்டைகளின் எடை அல்லவா! 6,371 கிலோமீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காக எடையுள்ள பாறையும் இரும்பும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் மையத்தில் நம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 36 லட்சம் மடங்கு.

அடுத்தது, மகளின் பாடம். உள்ளே இறங்கினால் நமக்கு மேலே விட்டுவந்த கோள ஓட்டின் நிகர இழுப்பு பூஜ்யம், கீழே மிச்சமிருக்கும் உருண்டை மட்டும்தான் இழுக்கும். இதை நியூட்டன் 1687-லேயே நிறுவிவிட்டார். பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்றால் ஈர்ப்பு சீராகக் குறையும், உண்மைதான். ஆனால் நம் பூமி அப்படி இல்லையே! மேலோட்டுப் பாறை தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு கனம், மொத்தப் பூமியின் சராசரியோ 5.5 மடங்கு. இறங்கும்போது கழிவது லேசான பாறை, நெருங்கி வருவது கனத்த இரும்பு. நாம் நிற்கும் இடத்துப் பாறையின் அடர்த்தி, கீழே உள்ள உருண்டையின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை ஈர்ப்பு கூடத்தான் செய்யும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1854-இல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் மேலே ஒன்று, சுமார் 380 மீட்டர் ஆழத்தில் ஒன்று என ஊசல்களை ஆடவிட்டார். கீழே இருந்தது ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்குச் சற்று அதிகமாக முந்தியது. ஊசல் வேகமாக ஆடினால் ஈர்ப்பு அதிகம் என்று அர்த்தம். இவ்வளவு அழகான சோதனையைப் பாடத்தில் ஒரு வரியாவது சொல்லலாம்.

அப்புறம் மேலோட்டுக்கும் நடுவில் உள்ள இரும்புக் கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கான மூடகம் நெடுகிலும் ஈர்ப்பு 10 மீ/வி²-ஐ ஒட்டியே இருக்கிறது. 2,890 கிலோமீட்டரில், இரும்புக் கருவத்தின் விளிம்பில், சுமார் 10.7 ஆக உச்சம் தொடுகிறது. தரையில் 9.8 தான். கருவத்தில் இருப்பது பூமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், மையத்துக்கான தூரம் ஏறக்குறைய பாதியாகிவிட்டதால் இழுப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடி, அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. அந்த விளிம்பைத் தாண்டிய பிறகுதான் பாடத்தில் சொல்வதுபோல் இறங்கு முகம்.

மகள் தேர்வில் ‘ஆழம் போகப் போக ஈர்ப்பு சீராகக் குறையும்’ என்ற பாடத்தையே எழுதட்டும். பக்கத்தில் ‘அடர்த்தி எங்கும் ஒன்றாக இருந்தால்’ என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.