தொப்பூர் இறக்கம், போலோ ஜிடி டிஎஸ்ஐ, 40,000 ரூபாய்: முதலில் பிரேக்

நண்பரே, தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் மலை இறக்கத்தில் உங்கள் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறது என்கிறீர்கள், கூடவே கையிலிருக்கும் 40,000 ரூபாயில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவது) செய்யலாமா என்றும் கேட்கிறீர்கள். ரீமேப் இப்போது வேண்டவே வேண்டாம்.

பிரேக் ஆயில் பழசானால் ஈரத்தை உறிஞ்சிவிடும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரைக்கும் இறங்கலாம். சூட்டில் குமிழி கிளம்பும், பெடல் அமுங்கும். ஒரு லிட்டர் வாங்கி, நாலு சக்கரத்திலும் தெளிந்த ஆயில் வரும்வரை ப்ளீட் செய்யச் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றச்) சொல்லுங்கள். முன் சக்கர பிரேக் பேடு 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மிச்சப் பணம் முழுக்க நல்ல டயருக்கு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் தெரியும், பார்த்து வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம்தான் கூடும். இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியரை மேனுவலில் போட்டு மூன்றாம் கியரிலேயே வாருங்கள், இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வளவு சூடாகாது.