மேம் எமுலேட்டர் மாதாமாதம் புதிதாக வரும்போது, 2003-ஆம் ஆண்டு கேம் தொகுப்பை இன்னும் ஏன் தேடுகிறார்கள்?

நான் காரைக்குடிக்காரன். சின்ன வயதில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய்க் காசைப் போட்டால் முஸ்தபா. அந்த கேமின் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993-இல் கேப்காம் வெளியிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருக்கிற நாலு ஆட்களில் தொப்பி போட்ட முஸ்தபாவுக்குத்தான் அடிதடி நடக்கும், கடைசியில் கேமுக்கே அவன் பெயர் நின்றுவிட்டது. கடை மூடிப் பல வருடம் ஆகிறது.

ஒரு மே மாத லீவுக்கு ஆச்சி (எங்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் சொல்வோம்) மகன்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தார்கள். "அம்மான், நீங்க சொல்ற அந்த கேம் எங்க?" என்று கேட்டான் சின்னவன். நண்பர் எப்போதோ கொடுத்த டிவிடியில் முஸ்தபா இருந்தது. கடை மெஷின் கேம்களைக் கணினியில் ஓட வைக்கும் எமுலேட்டர்தான் மேம். லேப்டாப்பில் அதன் புத்தம் புதிய பதிப்பைப் போட்டு முஸ்தபாவைத் திறந்தேன். சில ஃபைல்கள் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. டிவிடி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

டிவிடியில் ஒரு குறையும் இல்லை. மேம் 1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கியது. பழைய ஆர்கேட் போர்டுகள், அதாவது கடை மெஷின்களுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகள், எப்படி வேலை செய்தன என்பதைப் பதிந்து வைப்பதுதான் அதன் முதல் நோக்கம், விளையாடக் கிடைப்பது அதற்குப் பிறகுதான். அதனால் போர்டில் இதுவரை படிக்காமல் விட்ட ஒரு சிப்பை யாராவது படித்துக் கொடுத்தால், அதையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். முஸ்தபா போர்டில் ஒலிக்கு கியூசவுண்ட் என்ற சிப் இருக்கிறது. பழைய மேம் அதன் வேலையைத் தானே தோராயமாகச் செய்துகொண்டது. புதிய மேம் அந்தச் சிப்புக்குள் இருக்கும் தரவையும் தனி ஃபைலாகக் கேட்கிறது. நம் கையில் இருக்கும் பழைய ஜிப்பில் அது எப்படி இருக்கும்?

ஆக, ரோம் தொகுப்பும் (போர்டுச் சிப்களிலிருந்து படித்தெடுத்த கேம் ஃபைல்கள்) எமுலேட்டரும் ஜோடி. 2003 டிசம்பரில் வந்த மேம் 0.78 பதிப்புக்கான தொகுப்பு என்றால் அதற்கு மேம் 2003 என்ற லிப்ரெட்ரோ கோர், அதாவது ரெட்ரோஆர்ச் போன்ற செயலிகளுக்குள் ஓடும் எமுலேட்டர். 2010-இன் 0.139 என்றால் மேம் 2010. இந்தக் கோர்கள் அந்தந்தப் பழைய தொகுப்போடு அப்படியே நிற்கின்றன. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அடுத்த மாதம் வேறு ஃபைல் கேட்டு நிற்காது. என்னைப் பொறுத்தவரை பழைய தொகுப்பை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டாவது, வேகம். துல்லியம் கூடக் கூட மேம் கனத்துக்கொண்டே போகிறது. என்னிடம் இருந்தது 2016-இல் வந்த ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினி, ஒரு ஜிபி ராம். அதில் மேம் 2003 போட்டு முஸ்தபாவை ஓட்டினேன், ஒரு இடத்திலும் திணறவில்லை. பையன்கள் இரண்டு பேரும் முஸ்தபாவுக்கே சண்டை போட்டார்கள். எனக்கு அந்தக் கடைக்குள் நிற்பது போலவே இருந்தது.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரே கேமுக்கு ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு என்று பல இருக்கும். ஸ்ப்ளிட் என்ற வகைத் தொகுப்பில் பொதுவான ஃபைல்கள் மூல ஜிப்பில் மட்டும் இருக்கும், மற்ற ஜிப்களில் வித்தியாசப்படுபவை மட்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறை உண்டு, வளவு என்ற முற்றப் பகுதியும் முகப்பும் எல்லோருக்கும் பொது. அறையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் குடித்தனம் நடக்குமா? அதே கதைதான். ஒரு கேமை மட்டும் எடுத்து வைக்க நினைப்பவர்கள் நான்-மெர்ஜ்டு தொகுப்பாகப் பார்த்து எடுங்கள், ஒவ்வொரு ஜிப்பும் தன்னளவில் முழுமையாக இருக்கும். நியோ ஜியோ மாதிரி, பல கேம்களுக்குப் பொதுவான சில போர்டுகளின் கேம்களுக்குப் பயாஸ் ஜிப்பும் (அந்தப் போர்டைத் தொடக்கி வைக்கும் ஃபைல்கள்) பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழையதுதான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. 2003-இல் அரைகுறையாக ஓடிய, ஒலி சரியில்லாத கேம்கள் பல இன்று அருமையாக ஓடுகின்றன. நல்ல கணினி இருந்தால் புதிய மேமும் அதற்கேற்ற புதிய தொகுப்புமே போடுங்கள். அப்புறம், மேம் மென்பொருள்தான் 2016 முதல் முழுக்கக் கட்டற்றது. கேம்களின் பதிப்புரிமை அவற்றை உருவாக்கியவர்களிடமே இருக்கிறது. கிரிட்லீ மாதிரி சில கேம்களை மட்டும் உரிமையாளர்களே, வணிக நோக்கம் இல்லாமல் விளையாட அனுமதித்திருக்கிறார்கள். மேம் தளத்திலேயே கிடைக்கும். அமைப்பு சரியா என்று பார்க்க அதிலிருந்து தொடங்கலாம்.

நான் இப்போது ஒவ்வொரு ஃபோல்டர் பெயரிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 0.78 ஃபோல்டர் பை 3-க்கு. லேப்டாப்பில் இருப்பது வேறு. இரண்டையும் கலப்பதே இல்லை.