விலையேற்றக் காலத்தில் வீட்டுக் களஞ்சியம்: திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் 27 ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அரிசி பருப்பை வாங்கி வைப்பது குறித்து அயலவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அண்மையில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே எழுத்தில் பதில் தருகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் இல்லத்தரசி: ஐயா, கணவருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்துள்ளது. விலை ஏறிக்கொண்டே போவதால் ஆறு மாதத்துக்கான சாமான்களை ஒரேயடியாக வாங்கி வைக்கலாமா?

எல்லாப் பொருளையும் அப்படி வாங்க வேண்டாம், மகள். விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்க்க வேண்டும். மைசூர்ப் பருப்பு, சீனி, பால்மா, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம் ஆகியவற்றில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. கோதுமை மாவும் அப்படித்தான்; மாவாலை சீனக்குடாவில் நம் கண்முன்னே நின்றாலும் அதில் அரைபடும் தானியம் கடல் கடந்தே வருகிறது. இவற்றின் விலையை டொலரும் வரியும் தீர்மானிக்கின்றன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. 2023 நவம்பர் மாதத் தொடக்கத்தில் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இத்தகைய ஏற்றத்தை முன்கூட்டி அறிய நம்மால் இயலாது. ஆகையால் இவ்வகைப் பொருள்களில் இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் கையிருப்பு வைத்து, எடுத்த அளவை மாதந்தோறும் நிரப்பி வந்தால் போதும். சீனி மட்டும் ஈரம் படாதிருந்தால் கெடவே கெடாது. அதைச் சற்றுக் கூடுதலாக வாங்கலாம்.

அரிசி, தேங்காய், உப்பு, மீன் ஆகியவை நம் மண்ணிலும் கடலிலும் விளைபவை. இவற்றின் விலை போகத்தையும் மழையையும் பார்த்து ஏறி இறங்கும். ஆறு மாதக் கணக்கு இவற்றில் அரிசிக்குத்தான் பொருந்தும். அதையும் எந்த மாதத்தில் வாங்குகிறீர்கள் என்பதே முக்கியம்.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், எங்கள் வீட்டில் ஐந்து பேர். நோன்புக்கும் சேர்த்துச் சிவப்புப் பச்சையரிசி வாங்கி வைக்க விரும்புகிறேன். நெல்லாக வாங்குவதா, அரிசியாக வாங்குவதா? சென்ற முறை வண்டு பிடித்து அரை மூடை வீணானது.

இடமும் வசதியும் இருந்தால் நெல்லாக வாங்குங்கள். உமி இருக்கும்வரை தானியத்துக்கு அதுவே சட்டை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பகுதிகளில் பெரும்போக அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வாங்குவது நல்லது. ஒரு நெல்மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பாருங்கள்: "டக்" என்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் நசுங்கினால் இன்னும் ஈரமுள்ளது, அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட நெல் மூடைக்குள்ளேயே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நூறு கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும் என்று கணக்கிட்டு, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் ஆலைக்குக் கொண்டுபோங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் 45 கிலோ. இரவில் பிட்டும் இடியப்பமும் செய்யும் வீட்டில் அவ்வளவு செல்லாது.

அரிசியாகத்தான் வாங்க முடியும் என்றால், தவிடு நீங்காத சிவப்பரிசியை மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். தவிட்டில் உள்ள எண்ணெய் காறிப்போய்ச் சோற்றில் ஒரு வாடை வரும். நன்கு தீட்டிய அரிசியும் புழுங்கலரிசியும் அதைவிட நீண்ட காலம் நிற்கும்.

வண்டு வெளியிலிருந்து பறந்து வந்ததென்றே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது அரிசியோடுதான் வருகிறது. பெண் வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும். நம்மூர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். கையைப் பீப்பாயின் அடிவரை விட்டுப் பாருங்கள். அடியில் இளஞ்சூடு தெரிந்து, விரல்களில் மெல்லிய மாத்தூள் ஒட்டினால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே பாயில் நிழலில் பரப்பிச் சுளகால் புடைத்து, அந்த அரிசியை முதலில் சமைத்து முடியுங்கள். உச்சி வெயிலில் காயவைத்தால் வண்டு ஓடுமே தவிர மணிக்குள் இருக்கும் முட்டை எல்லாம் சாகாது. அரிசியும் வெடித்து நொய்யாகும். குளிர்சாதனப் பெட்டியில் உறைபகுதி உள்ளவர்கள் வாங்கிய அரிசியை இரண்டு கிலோப் பொதிகளாக்கி நான்கு நாள் உறையவைத்து, வெளியே எடுத்ததும் பொதியைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு பீப்பாயில் கொட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

பீப்பாயை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே காற்று குறையக் குறைய வண்டுக்கு இடமில்லை. மூடையாக வைப்பதானால் நிலத்திலிருந்து நான்கு அங்குல உயரப் பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் நம் சுவர்கள் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் களஞ்சியத்தில் ஒரு மார்கழியில் சுவரோடு சாய்த்து அடுக்கிய வரிசை மட்டும் பச்சை பூத்துப்போனது. அடுக்கச் சொன்னவன் நான்தான்.

நிலாவெளியிலிருந்து: அரிசிக்குள் வேப்பிலை போட்டால் போதாதா?

பச்சை இலை போட்டால் ஈரத்தையும் சேர்த்தே போடுகிறீர்கள். நன்றாகக் காய்ந்த இலை ஓரளவு உதவும்; அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூதூரிலிருந்து ஒரு தம்பி: பயறும் கௌபியும் வாங்கி இரண்டு மாதத்தில் எல்லாம் ஓட்டையாகிவிட்டன. மைசூர்ப் பருப்புக்கு ஒன்றுமில்லை. ஏன், ஐயா?

2022இல் பயந்துபோய் நானும் 25 கிலோ பச்சைப் பயறு வாங்கினேன். ஆடி மாதம் மூடியைத் திறந்தபோது ஒவ்வொரு மணியிலும் ஊசியால் குத்தியது போல ஒரு வட்டத் துளை இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் சுளகை எடுத்து என் கையில் தந்தார். இந்த வண்டு காய் முற்றும்போதே வயலில் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. முழுப் பயறு, கௌபி, கடலை ஆகியவற்றையே அது விரும்பும். தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பில் அதற்கு அவ்வளவு வாழ்வில்லை. வாங்கிய அன்றே கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தேங்காய் எண்ணெய் விட்டு எல்லா மணியிலும் படும்படி பிசறி வையுங்கள். எண்ணெய்ப் பூச்சில் முட்டை பொரிக்காது. துளை விழுந்த பிறகு பூசுவதில் பெரிய பயனில்லை.

சாம்பல்தீவிலிருந்து: மாவையும் மிளகாயையும் எவ்வளவு காலம் வைக்கலாம், அண்ணா?

கோதுமை மா இரண்டு மூன்று மாதம். அரிசி மாவை இடித்ததும் தாச்சியில் வறுத்துவிடுங்கள், தங்கச்சி. ஆவி அடங்கி, ஒரு நுள்ளு எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழும் பதத்தில் இறக்கி, அரிதட்டில் அரித்து, முற்றிலும் ஆறிய பிறகே பேணியில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த ஒரு துளி முழுப் பேணியையும் கட்டிபடச் செய்யும்.

மிளகாயைத் தூளாக்காமல் செத்தலாக வைத்து, மாதத்துக்கு ஒருமுறை திரித்துக்கொள்ளுங்கள். காம்படியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் கண்ட மிளகாயை வறுத்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு வறுப்பதால் முழுமையாக அழியாது, எறிந்துவிடுங்கள்.

பாலையூற்றிலிருந்து: கடையில் சீனி இருந்தும் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பதும் பதுக்குவதும் குற்றம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கும் பழக்கமும் இருக்கட்டும்.

திருக்கடலூரிலிருந்து ஒரு சகோதரி: நாள் கூலியில் வாழும் எங்களுக்குச் சேமித்து வைக்கக் காசு ஏது?

உங்கள் கேள்வி நியாயமானது. விலையேற்றத்தில் அதிகம் இழப்பவர்களும் நீங்கள்தான். 50 கிராம், 100 கிராம் பைக்கற்றாக வாங்கும் தூளுக்குக் கிலோக் கணக்கில் மற்றவரைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். நம்பிக்கையான நான்கு வீடுகள் சேர்ந்து சீட்டுப் போல வாரந்தோறும் காசு போட்டு, 25 கிலோ அரிசிப் பையும் ஒரு கிலோ மிளகாயும் வாங்கித் தராசு வைத்துப் பங்கிடுங்கள். கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் ஆவணி வரை மலிவாகக் கிடைக்கும் நெத்தலியையும் சாளையையும் உப்பிட்டுக் கருவாடாக்கினால், மாரியில் படகு இறங்காத நாள்களில் அது கைகொடுக்கும். ஆனால் சாமான் வாங்கி வைப்பதற்காக நகையை அடகு வைக்கவோ வட்டிக்குக் கடன் எடுக்கவோ வேண்டாம். பருப்பு விலை ஏறும் வேகத்தைவிட அந்த வட்டி வேகமாக ஏறும்.

நகரிலிருந்து ஒரு மாமி: தேங்காய்?

உரிக்காமல் வையுங்கள். குலுக்கிப் பார்த்துத் தண்ணீர் ஆடும் முற்றிய காயாகத் தெரிந்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கினால் இரண்டு மாதம் நிற்கும். உரித்ததைக் குடுமியோடு வைத்து முதலில் உடையுங்கள்.