இளங்கிளிக்கு இறக்கை வெட்டலாமா? கேள்விகளும் பதில்களும்

வீட்டில் வளரும் இளம் கிளிகளின் பறத்தல், இறக்கை வெட்டுதல், ஹார்னஸ் (வெளியே கொண்டுபோகக் கிளியின் உடலில் மாட்டும், கயிறு இணைத்த பட்டை) பயிற்சி ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். நோய்க்கு மருந்து சொல்ல மாட்டேன். அதற்குப் பறவை மருத்துவர் இருக்கிறார்.

கோவை வாசகி: எங்கள் காக்டெயில் (cockatiel) கிளிக் குஞ்சுக்கு ஐந்து வாரம். விற்றவர், "பறக்கத் தொடங்குவதற்குள் இறக்கையை வெட்டிவிடுங்கள், அப்போதுதான் கையோடு பழகும்" என்கிறார். வெட்டலாமா அக்கா?

வெட்ட வேண்டாம் அம்மா. அதுவும் இந்த வயதில் கூடவே கூடாது. காக்டெயில் குஞ்சு முதல்முறை பறப்பது ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தில்தான். சன் கான்யூர் கிளிக்கு எட்டு வாரம் ஆகும், ஆப்பிரிக்கன் கிரே கிளிக்குப் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். அதற்குச் சில நாட்கள் முன்பே குஞ்சு தீனியைக் குறைத்துக்கொள்ளும். எடை சற்று இறங்கும். கூண்டு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு இறக்கைகளைப் படபடவென்று அடிக்கும். நோய் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. உடல் பறப்பதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது, அவ்வளவுதான்.

மேலே எழும்புவது குஞ்சுக்கு எளிது. திரும்புவதும், வேகத்தைக் குறைப்பதும், நினைத்த இடத்தில் இறங்குவதும்தான் கடினம். முதல் வாரம் சுவரில் மோதும். திரைச்சீலைக் கம்பியில் ஏறி உட்கார்ந்து, இறங்கத் தெரியாமல் கத்தும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் கைவந்துவிடும்.

அந்தச் சில வாரங்களுக்குள் கத்தரி போட்டால் என்ன நடக்கிறது? குஞ்சு பழைய துணிச்சலில் குதிக்கிறது. இறக்கை தாங்குவதில்லை. மார்பெலும்பு தரையில் அடிபட விழுகிறது. அந்த எலும்பின் முனையில் தசை மிகக் குறைவு, அதனால் தோல் பிளந்துவிடும். ஆறுவதற்குள் மறுபடி விழும், மறுபடி பிளக்கும். நாலைந்து முறை விழுந்த குஞ்சு குதிக்கவே அஞ்சும். உங்களுக்கு விற்றவர் "கையோடு பழகும்" என்று சொன்னது இந்த அச்சத்தைத்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது அறையைத் தயார் செய்வது. மின்விசிறியை நிறுத்தினால் போதாது. வீட்டில் யாராவது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள், ஆகவே சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி ஜன்னலில் காகிதம் ஒட்டுங்கள். குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளி இருந்தால் மூடிவையுங்கள். குஞ்சைக் கைக்கு எட்டாத இடத்திலிருந்து பிடித்து இறக்காதீர்கள். சற்றுத் தாழ்வாக ஒரு கம்பைக் காட்டி, அங்கிருந்து இன்னும் தாழ்வாக இன்னொன்றைக் காட்டி, தானே படிப்படியாக இறங்கக் கற்றுக்கொடுங்கள். வழி தவறி வெளியே போகும் கிளிகள் உயர்ந்த மரத்தில் மாட்டிக்கொள்வது இறங்கத் தெரியாததால்தான்.

தாம்பரம்: வெட்டிய இறக்கை எத்தனை நாளில் வளரும்?

வெட்டிய இறகு வளராது. அது உதிர்ந்து, அந்த இடத்தில் புது இறகு முளைக்க வேண்டும். பெரிய கிளிகளுக்கு எல்லா இறகும் மாற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். புது இறகு முளைக்கும்போது அதன் தண்டில் ரத்தம் ஓடும். பக்கத்து இறகுகள் இல்லாததால் அதற்குத் தாங்கல் கிடையாது, எளிதில் ஒடியும். ஒடிந்து ரத்தம் வந்தால் சோளமாவு வைத்து அழுத்திப் பிடித்தபடி மருத்துவரிடம் ஓடுங்கள்.

சேலம்: ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டினால்?

சுழன்று விழும். செய்யாதீர்கள்.

மதுரை மாணவர்: என்னிடம் மூன்று மாதச் சன் கான்யூர் இருக்கிறது. ஹார்னஸை எடுத்தாலே கடிக்கிறது. இரண்டு பேர் பிடித்துத்தான் மாட்ட முடிகிறது.

முதலில் அந்த இரண்டாவது ஆளை அனுப்பிவிடுங்கள் தம்பி. பிடித்து மாட்டிய ஒவ்வொரு முறையும் ஹார்னஸ் என்றால் ஆபத்து என்று கிளி கற்றுக்கொண்டிருக்கிறது. இனிக் கொஞ்ச காலம் மாட்டவே வேண்டாம்.

தீனிக்கிண்ணத்துக்கு ஒரு முழம் தள்ளி ஹார்னஸைப் போட்டுவையுங்கள். கிளி அதைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டால் நாளை இன்னும் கொஞ்சம் அருகில். பிறகு உங்கள் கையில் வையுங்கள், கிளி அலகால் தொட்டால் ஒரு சூரியகாந்தி விதை. அந்த விதையை வேறு எந்த நேரத்திலும் கொடுக்காதீர்கள். அதன் பின் கழுத்து வளையத்தை விரித்துப் பிடித்து, விதையை வளையத்துக்கு அந்தப்பக்கம் காட்டுங்கள். தலையைத் தானாக நுழைத்து விதையை எடுத்துக்கொண்டு தானாக வெளியே வர வேண்டும். பாடம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. தலையை நுழைத்ததும் ஆசையில் இறுக்கிவிட்டீர்கள் என்றால் முதல் நாளுக்கே திரும்பிவிடுவீர்கள். இறக்கையைத் தொட்டு விரிக்கப் பழக்குவதைத் தனியாக, ஹார்னஸ் இல்லாமல் செய்யுங்கள்.

மாட்டிய பிறகு மார்பைப் பாருங்கள். பறவைக்கு நம்மைப்போல் மூச்சு இழுக்க உதவும் உதரவிதானத் தசை கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பட்டை அதை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். கயிறு இழுபடும் தன்மையுடன் இருக்க வேண்டும். நீண்ட விறைப்பான கயிற்றில் வேகமாகப் பறந்து முனைக்கு வந்தால் அந்தத் திடீர் இழுப்பு முழுவதும் உடலில் விழும். வெளியே போகும் முன் ஒவ்வொரு முறையும் பட்டையில் கடித்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காலில் நூலோ சங்கிலியோ கட்டும் பேச்சே வேண்டாம், கால் ஒடியும்.

ஈரோடு: காலில் மெல்லிய சங்கிலி கட்டினால் போதாதா?

மேலே உள்ள பதிலின் கடைசி வரி.

திருச்சியில் பறவை வளர்த்து விற்பவர்: நீங்கள் சொல்வது ஏட்டுப் பேச்சு அம்மா. நான் ஐந்து வாரத்தில் வெட்டித்தான் விற்கிறேன். வெட்டாமல் கொடுத்த குஞ்சுகளில் எத்தனை மின்விசிறியில் அடிபட்டன, எத்தனை பால்கனி வழியாகப் போயின என்று எனக்குத்தான் தெரியும். அழுதுகொண்டு தொலைபேசியில் அழைப்பது என்னைத்தான்.

மின்விசிறி பற்றி நீங்கள் சொல்வது உண்மை ஐயா. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆனால் வெட்டிய கிளி போகவே போகாது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார். காற்று சற்று வேகமாக வீசினால் அரை இறக்கையிலும் கிளி மதில் தாண்டும். தாண்டிய பின் அதனால் உயரம் ஏற முடியாது, திரும்ப முடியாது, காகத்திடமிருந்தோ பூனையிடமிருந்தோ தப்ப முடியாது. நன்றாகப் பறக்கத் தெரிந்த கிளிக்குத் திரும்பி வர வழியாவது உண்டு.

அவரே: திரும்பி வரப் பயிற்சி வேண்டும். வாங்குபவர்களில் யார் அதைச் செய்கிறார்கள்? கூண்டிலேயே அடைத்துவிடுவார்கள். வெட்டினால் வெளியிலாவது விடுவார்கள்.

இது நியாயமான கேள்வி, நானும் எண்ணிப் பார்த்ததுதான். அதனால் பறத்தலை முழுவதும் கற்று முடித்த கிளிக்கு, தவிர்க்க முடியாத வீட்டில், பறவை மருத்துவர் கையால், இரண்டு பக்கமும் சமமாகச் சில வெளி இறகுகளை மட்டும் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. தரைக்கு மெதுவாகச் சறுக்கி இறங்கும் அளவு இறக்கை மிஞ்ச வேண்டும். பறந்து பழகிய பறவைக்கு விழும்போது உடலைச் சமன் செய்யத் தெரியும், இறகு முளைத்ததும் மறுபடி பறக்கும். பறக்கவே விடாமல் வெட்டிய குஞ்சுக்கு எதுவும் தெரியாது. உங்களிடம் நான் கேட்பது மூன்று நான்கு வாரம்.

அவரே: அந்த நான்கு வாரம் தீனி, இடம், ஆள் எல்லாம் என் செலவு.

ஆம், உங்கள் செலவுதான். அதை விலையில் சேர்த்துக் கேளுங்கள். "பறந்து பழகிய குஞ்சு" என்று சொல்லி விற்றால் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கையால் ஊட்டும் குஞ்சை, தானாகத் தின்னும் முன்பே அவசரமாக விற்பதும் இதனால் குறையும்.

நாகர்கோவில்: திருச்சிக்காரர் சொல்வதில் தவறில்லை. என் தாத்தா பச்சைக்கிளிக்கு இறக்கை வெட்டித்தான் வளர்த்தார், பதினைந்து வருடம் இருந்தது. என்னிடமும் இப்போது ஒன்று இருக்கிறது.

உங்களுக்கு வேறு பதில். நம் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட பறவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இறக்கையோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வெட்டிய கிளியை நீங்களாக மரத்தில் விட்டுவிடாதீர்கள், செத்துப்போகும். இனி இந்தப் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

வேலூர்: ஆப்பிரிக்கன் கிரே வாங்கப் போகிறேன். பதிவு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவர் தாள் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

ஓசூர்: மூன்று மாதக் காக்டெயில். இறக்கையை வெட்டலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடலூர்: லவ்பேர்ட்ஸுக்கு ஹார்னஸ் மாட்டலாமா?

கூண்டில் கூட்டமாக வளரும் சிறு பட்ஜிகளைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 30, 40 கிராம் உடலுக்கு ஹார்னஸ் வேண்டாம். பெரிய கூண்டு கட்டுங்கள்.

சென்னை, அண்ணா நகர்: ஹார்னஸ் இல்லாமல் பூங்காவில் பறக்கவிடும் காணொளிகளைப் பார்க்கிறேன். நானும் செய்யலாமா?

வேண்டாம். அதைச் செய்பவர்கள் குஞ்சுப் பருவத்திலிருந்தே காற்று, உயரம், அழைப்பு ஆகிய அனைத்தையும் நாள்தோறும் பழக்குகிறவர்கள். உங்கள் வானத்தில் பருந்தும் வைரியும் இருக்கின்றன. தடை செய்த பின்னும் மாஞ்சா நூல் இருக்கிறது. ஹார்னஸோடு போங்கள்.

தஞ்சாவூர்: அக்கா, அவசரம். காலையில் எங்கள் கான்யூர் பறந்துபோய் எதிர்வீட்டு வேப்பமரத்தில் இருக்கிறது. கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது, இறங்கவில்லை.

குரல் கொடுக்கிறது என்றால் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள், கல் எறியாதீர்கள், தண்ணீர் பீச்சாதீர்கள். மிரண்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதன் கூண்டை மரத்துக்குச் சற்றுத் தள்ளி, அதன் கண்ணில் படும்படி மாடியிலோ மதில் மேலோ வையுங்கள். நேர்க்கீழே நிற்காதீர்கள், செங்குத்தாக இறங்க அதற்குத் தெரியாது. தள்ளி நின்றால் சாய்வாக வரலாம். அதற்குப் பிடித்த தீனியை நீங்களே தின்பதுபோல் காட்டுங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் அதன் கூண்டையும் கொண்டுவாருங்கள். மாலை இருட்டுவதற்கு முந்தைய நேரம் நல்ல வாய்ப்பு, பசியும் இருக்கும். வரவில்லை என்றால் அது எந்தக் கிளையில் தூங்குகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அதே இடத்தில் நில்லுங்கள். இப்போது எதையும் படிக்க வேண்டாம், போய் மரத்துக்குச் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.