வரும்படியும் இல்லை, மேடையும் இல்லை: நான் ஏன் புல்லாங்குழல் வாசிக்கிறேன்?

பணமோ பேரோ வராது என்று தெரிந்தும் பொழுதுபோக்காக இசை பழகுகிறவர்களுக்கு அதில் அப்படி என்ன கிடைக்கிறது, முப்பத்தைந்து வயதுக்கு மேல் தொடங்கினால் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரயோசனம் உண்டு. நானே அந்த வயதைத் தாண்டித்தான் புல்லாங்குழலைக் கையில் எடுத்தேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளென்றால் விடிவதற்கு முன்பே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓட ஆரம்பித்துவிடும், யாருக்கு எத்தனை ஐஸ் பார், யார் பாக்கி, யார் அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், நாள் முழுக்க இதே பேச்சு. சாயங்காலம் குழலை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தால் யாராவது ஒருவர் "என்னப்பா, கச்சேரி எப்போ?" என்று கேட்பார். பிரியமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது: ஒருவர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பார், மற்றவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள், பழகுவதெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசிக்கிறவருக்குக் கிடைக்கிற சில விஷயங்கள் கேட்கிறவருக்குக் கிடைக்கவே கிடைக்காது, அவர் எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் சரி. அதற்காகத்தான் வாசிக்கிறேன்.

முதலில் காது. பாட்டுக்குக் குறைவே இல்லாத கரை இது. சின்ன வயதில் இலங்கை வானொலி எங்கள் வீட்டில் தெளிவாக எடுக்கும், ஒரு பக்கம் சர்ச் பாட்டு, இன்னொரு பக்கம் தர்கா விசேஷத்தில் நாகூர் ஹனிபாவின் குரல் (அவர் பிறந்தது ராமநாதபுரத்தில்தான், 1925ல்), ஆடி மாதமானால் கோயில் குழாய் ரேடியோ. இத்தனையும் கேட்டு வளர்ந்தும் எனக்குப் பாட்டென்றால் குரலும் வார்த்தையும்தான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தை ஊத ஆரம்பித்த பிறகு அது மாறிப்போனது. அந்த ராகத்தில் ரி என்பது ஸ-வை ஒட்டியே நிற்கும், அங்கிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாண்டல். நம்முடைய கர்நாடகக் குழலில் அந்த ரி-க்குத் துளையை முழுக்கத் திறக்கக் கூடாது, விரலை லேசாக உருட்டிப் பாதிதான் திறக்க வேண்டும், அடுத்த நொடி க-வுக்கு எல்லா விரலும் எழ வேண்டும். அரை விரல்கடை கூட இல்லாத அசைவு, அதில் ஒரு நூல் கூடினாலும் ரி வேறு ரி ஆகிவிடும். அது கைக்கு வர ரொம்ப நாள் ஆனது. வந்தபிறகு ஒரு நாள் விடியற்காலையில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார், அவர் குரலில் அதே தாண்டல். எத்தனையோ வருஷமாக அதே நேரத்தில் பாங்கு சத்தத்தில் எழுந்திருக்கிறேன், அதற்குள் இது இருந்ததை என் விரல் பழகிய பிறகுதான் காது கண்டுபிடித்தது.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் கம்பெனி வாசலில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு), டிரான்ஸ்பார்மர் உறுமுவது அதற்கு இரட்டிப்பாக, 100 ஹெர்ட்ஸில். என் குழல் 5 கட்டை ஸ்ருதி (ஸ்ருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்), தம்பூராவில் அந்த ஸ்ருதியின் கீழ் ஸ 98 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதாவது அந்த இரும்புப் பெட்டி என் ஸ்ருதிக்குக் கொஞ்சூண்டு மேலே நின்று நாள் முழுக்க ஸ பாடிக்கொண்டிருக்கிறது. செல்போனில் தம்பூரா செயலியை 5 கட்டையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றால் இரண்டு சத்தமும் உரசி, அலை அலையாக ஏறி இறங்கும். குழலை வெளிப்பக்கம் கொஞ்சம் உருட்டி ஸ்ருதியை ஏற்றி ஊதினால் டிரான்ஸ்பார்மரோடு போய்ச் சேர்ந்துவிடலாம், சேர்கிற அந்த இடத்தில் அலை நின்று சத்தம் ஒன்றாகிவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அப்படிச் சேர்த்துப் பார்ப்பது உண்டு. வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்த்த இடத்திலேயே இப்படி ஒன்று கேட்கக் கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

2011ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிடித்த பாட்டில் உடம்பு சிலிர்க்கிற இடம் வரும்போது மூளையில் டோபமைன் என்கிற, சந்தோஷத்தோடு சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரக்கிறது என்பதோடு, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்க ஆரம்பித்துவிடுகிறது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில் என்று கண்டுபிடித்தார்கள். அது பாட்டைக் கேட்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு. வாசிக்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் நெருக்கம் என்பது என் அனுபவம். மேல் ஸ வரப்போகிறது என்பது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் உதட்டுக்குத் தெரியும், உதடு இறுகி மூச்சு மெலிந்து தயாராக நிற்கும், வந்துவிட்டால் அது நான் கொண்டுவந்த ஸ.

சரி, அடுத்தது மனசு. இதைப் பற்றிப் பேசினாலே "இசை மன அமைதி தரும்" என்று முடித்துவிடுகிறார்கள், அது போதாது. குழல் ஊதும்போது உதட்டிலிருந்து போகிற மூச்சு துளையின் எதிர் விளிம்பில் பட்டுப் பிளந்தால்தான் நாதம். கடற்காற்று குறுக்கே வந்தால் மூச்சு கலைந்து வெறும் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் சும்மா கிடக்கும், வாடைக் காலத்தில் இது அப்படியே மாறிவிடும். அதனால் எந்தக் கரைக்குப் போவது என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், போன இடத்திலும் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு மறைவாக உட்கார வேண்டும். அப்புறம் மூச்சு, விரல், ஸ்ருதி, தாளம். இத்தனையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும்போது பாக்கிக் கணக்கு நினைவில் நிற்க இடமே இருக்காது. மறக்க வேண்டும் என்று முயற்சி செய்வதில்லை, தானாக விலகிவிடும். டிவி பார்த்தால் எனக்கு அப்படி விலகுவதில்லை, பாட்டுக் கேட்டாலும் பாதிதான் விலகும். கையும் மூச்சும் வேலையில் இறங்கினால்தான் விலகும்.

கச்சேரி பற்றிக் கேட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா. எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய கச்சேரிப் பாரம்பரியம் இருக்கிறது. ராமநாதபுரம் 'பூச்சி' ஸ்ரீநிவாச ஐயங்கார்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு, மிருதங்கத்தில் முருகபூபதி இந்த மண்ணின் பேர். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இந்தக் கரையில் அம்பா என்கிற, வலை இழுக்கும் பாட்டும் உண்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்திருக்கிற அத்தனை பேரும் ஏலேலோ போட்டுத் திருப்பிச் சொல்லுவார்கள், சொல்லுகிற அந்த இடத்தில் எல்லார் குதிகாலும் மணலில் ஒன்றாகப் புதையும், கயிறு நகரும். அங்கே கேட்பதற்கென்று உட்கார்ந்திருக்கிறவர் யாரும் கிடையாது. பாடுகிறவர்கள் மட்டும்தான். தாலாட்டு, குலவை, ஒப்பாரி எல்லாமே இந்த வகைதான், அதைச் செய்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது, அதனால் செய்கிறார்கள். கைதட்டு இல்லாவிட்டால் இசை வீண் என்கிற எண்ணம் நமக்கு மைக்கும் ரேடியோவும் வந்தபிறகு வந்த ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்ததில் பெரியது ஆட்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், ஐஸுக்குக் கிராக்கி கிடையாது, ஊரில் பலருக்குக் கையில் காசும் இருக்காது. அந்த நாட்களில் வலை பின்னுகிற கொட்டகையில் சாயங்காலம் சிலர் சேருவோம். சர்ச் பாடகர் குழுவில் தபேலா வாசிக்கிற தம்பி ஒருவர், ஹனிபா பாட்டை விடிய விடியப் பாடக்கூடிய கருவாட்டு வியாபாரி பாய் ஒருவர், அம்பா தெரிந்த ஒரு மாமா. மாமாவுக்கு ராகம், கட்டை எதுவும் தெரியாது. பழைய வலையை மடியில் போட்டு ஊசியால் கண்ணியைக் கோத்துக்கொண்டே பாட ஆரம்பிப்பார். இழுப்பு வேகம் பிடிக்கப் பிடிக்கக் குரல் தானாக மேலே ஏறும், இல்லாத வலையைப் பாட்டிலேயே இழுத்துக்கொண்டிருப்பார். நான் அந்தக் குரலைப் பிடிக்கக் குழலை உருட்டுவேன், அவர் அதற்குள் இன்னும் ஏறிவிடுவார். ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, "மருமகனே, நீ என்னைய துரத்தாத, கூட வா" என்றார். அதிலிருந்து அவர் பாடுகிற அடியை ஊதுவதை விட்டுவிட்டேன். மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற ஏலேலோவை மட்டும் ஊதுகிறேன். தபேலாத் தம்பி குதிகால் புதைகிற இடத்தில் ஒரே ஒரு அடி வைப்பார். பாய் அந்த ஏலேலோவை ஹனிபா மாதிரி அடித்தொண்டையில் இழுப்பார். கொட்டகையில் வலை பின்னுகிற மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள், ஊசியை நிறுத்தாமலேயே. கல்யாணம், கருமாதி, வியாபாரம் இந்த மூன்றைத் தவிர நாங்கள் நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார வேறு காரணமே இருந்திருக்காது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. வாசிப்பதை எல்லாம் உடனுக்குடன் பதிவு செய்து ஸ்டேட்டஸில் போடுவது பொழுதுபோக்காகப் பழகுகிறவருக்கு நல்லதில்லை. போடவே கூடாது என்று சொல்லவில்லை. பழகுகிற காலத்தில் போட்டால் ரி சரியாக விழுந்ததா என்று கேட்க வேண்டிய காது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கப் போய்விடும். எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை ஏற்கனவே இருக்கிறது, சாயங்காலமும் அது வேண்டாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் வீணை வாசிப்பார். ராக்கெட்டும் ஏவுகணையும் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அதற்கும் இடம் இருந்தது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் சில விஷயம். மூங்கில் குழலில் 5 கட்டை எடுங்கள், துளைகளின் இடைவெளி பெரியவர்கள் விரலுக்குச் சரியாக இருக்கும், குறைந்த கட்டைக் குழல் நீளம், ஆரம்பத்தில் விரல் எட்டாமல் கஷ்டப்படுத்தும். கடையில் வாங்குவதற்கு முன்னால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், அழகுக்கு விற்கிற குழல் பலதில் ஸ்ருதி நிற்காது. முதலில் எந்தத் துளையையும் மூடாமல் வெறும் சத்தம் வரவையுங்கள். தலை கிறுகிறுக்கும், எல்லாருக்கும் கிறுகிறுக்கும், மூச்சை வீணாக்குகிறோம் என்று அர்த்தம், கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி மெல்ல ஊதினால் போதும். குரு ஒருவர் கட்டாயம் வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாலும் சரி, ஏனென்றால் உதடு எங்கே இருக்கிறது என்பது வீடியோ பார்த்துத் தெரியாது. வெயிலில் வண்டிக்குள் குழலை விட்டுவைக்காதீர்கள், வெடித்துவிடும்.

தடைக்காலத்தில் இந்தப் பக்கம் வந்தால் கொட்டகைக்கு வாருங்கள். சரளி வரிசையோடு வந்தாலும் சரி, மாமா அதற்கும் ஒரு ஏலேலோ போடுவார்.