குழந்தை உடை பிராண்ட்: இரண்டு லட்சத்தை எதில் போடுவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகளுக்குத் தைத்த காட்டன் கவுன்களைப் பார்த்து உறவிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்போது கையிலிருக்கும் இரண்டு லட்சம் ரூபாயில், பிறந்த குழந்தை முதல் நான்கு வயது வரைக்கும் பனியன் துணியில் சொந்தப் பெயரில் ஒரு பிராண்ட் தொடங்க வேண்டுமாம். பன்னிரண்டு டிசைன் தயார். மெஷின் வாங்கலாமா, திருப்பூரில் கொடுத்துத் தைக்கலாமா, என்ன விலை வைக்கலாம், இன்ஸ்டாகிராம் மட்டும் போதுமா?

முதல் வேலை, அந்தப் பன்னிரண்டை மூன்றாக்குங்கள். காரணம் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து நான்கு வயது வரை என்றால் 0-3 மாதம், 3-6, 6-12, அப்புறம் 1-2 வயது, 2-3, 3-4 என்று ஆறு அளவு வரும். பன்னிரண்டு டிசைன், ஆறு அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு கலர் என்றால் 144 வகை. வகைக்குப் பத்துப் பீஸ் போட்டாலே 1,440 பீஸ், பீஸுக்கு 180 ரூபாய் அடக்கம் என்று வைத்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும், இன்னும் ஒரு போட்டோகூட எடுத்திருக்க மாட்டீர்கள். பெரியவர்கள் சட்டையில் எம் தீர்ந்தால் சிலராவது எல் எடுப்பார்கள். இங்கே இரண்டு வயதுக் குழந்தையின் அம்மாவிடம் ஆறு மாத அளவைக் காட்டி ஒரு பயனும் இல்லை. இந்தத் தொழிலில் பணம் முடங்குவது அளவுகளில்தான், டிசைன் பிடிக்காமல் தேங்குவதைவிட அளவு பொருந்தாமல் தேங்குவதே அதிகம்.

அதனால் பிறந்த குழந்தை அளவை இப்போதைக்கு விடுங்கள். நம் பக்கம் பல வீடுகளில் முதல் நாட்களுக்குப் பழைய மெல்லிய துணிதான், புதுத்துணி பெயர் வைக்கும்போதோ தொட்டில் போடும்போதோ வரும், அப்போதும் பரிசு கொடுப்பவர்கள் "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு அளவு கூட்டித்தான் எடுப்பார்கள். 6-12 மாதத்திலிருந்து 3-4 வயது வரை நான்கு அளவு, மூன்று டிசைன், இரண்டு கலர், மொத்தம் 240 பீஸ் போதும். எல்லா அளவிலும் சமமாகப் போடாமல் நடு அளவுகளான 1-2, 2-3 இரண்டிலும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அடக்கம் 43,000 சொச்சம். மிச்சப் பணம் இரண்டாவது சுற்றுக்கு; முதல் சுற்றில் எந்த அளவு தீர்ந்தது என்று தெரிந்த பிறகு போடும் பணம்தான் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்.

கலர் இரண்டு என்று நான் சொல்வதற்குத் துணியும் ஒரு காரணம். பனியன் துணி மீட்டரில் வராது, கிலோவில் வரும். உங்களுக்கென்று தனி நிறம் சாயம் போட்டால் சாயப்பட்டறையில் குறைந்தபட்ச அளவு கேட்பார்கள், அது உங்களுக்குக் கட்டாது. சாயம் போட்டு வைத்திருக்கும் ஸ்டாக் துணிக் கடையில் நிறத்துக்கு ஒரு ரோல் எடுங்கள். இருபது கிலோ ரோலில், ஒரு பீஸுக்குச் சேதாரத்தோடு 140 கிராம் என்றால், 140 பீஸ் வரும். ஒரே ரோலில் கவுன், பேன்ட், டாப் மூன்றையும் வெட்டலாம். கழுத்துக்கும் கைக்கும் வைக்கும் ரிப் துணியை அதே நாளில், அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதில், கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த லாட்டில் நிறம் ஒரு சாயல் தள்ளித்தான் இருக்கும், அது போட்டோவில் தெரியாது, வாங்கியவர் கையில் தெரியும்.

துணி வந்ததும் வெட்டக் கொடுக்காதீர்கள். ஒரு துண்டில் 50 செ.மீ. சதுரம் பேனாவால் வரைந்து, வீட்டு வாஷிங் மெஷினில் மூன்று முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள். 47.5-க்குக் கீழே வந்தால் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருக்கம், அந்தத் துணி காம்பாக்டிங் (துவைத்தால் சுருங்காமலிருக்க முன்பே துணியை நெருக்கி அழுத்தும் வேலை) சரியாக ஆகாதது. பெரியவர் பனியனில் இரண்டு செ.மீ. சுருங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குழந்தை உடையில் அது ஒரு அளவே குறைந்த மாதிரி.

மெஷின் கேள்விக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தையல் மெஷின் காட்டன் கவுனுக்குச் சரி, பனியன் துணிக்கு ஓரத்தை வெட்டிப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வேண்டும், மடித்து அடிக்க பேட்லாக் மெஷின் வேண்டும், அவற்றை ஓட்ட ஆளும் வேண்டும். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுகள் (மின்சாரத் தையல் மெஷின்கள் போட்ட தையல் கூடங்கள்) இருக்கின்றன. பெரிய இடத்தில் 240 பீஸை ஓரம் வைத்துவிடுவார்கள், பத்து மெஷினுக்குள் இருக்கும் யூனிட்டாகப் பாருங்கள். ரேட் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர நாளாகும், அதனால் தீபாவளிச் சரக்கு ஆடி முடிவதற்குள் தைத்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

யூனிட்டில் மூன்று விஷயங்களை நேரில் பாருங்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி போட்டிருக்கிறார்களா. கூர் ஊசி நூலை அறுக்கும், துவைத்த பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டை விழும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் புது ஊசி கொடுக்கிறார்களா. குழந்தை உடையில் இதில் சமரசமே கூடாது. மூன்றாவது, டிச் பட்டன், அதாவது அழுத்தி மூடும் பட்டன். மெல்லிய ஒற்றைத் துணியில் நேராக அடித்தால் நாலு முறை கழற்றுவதற்குள் துணி கிழிந்து பட்டன் கையோடு வரும், அது அடுத்த நிமிடம் குழந்தையின் வாயில் இருக்கும். உள்ளே இன்னொரு மடிப்போ டேப்போ வைத்து அடிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பீஸையும் இழுத்துப் பாருங்கள். நிக்கல் இல்லாத பட்டன் என்று கேட்டே வாங்குங்கள்.

கழுத்தில், தொப்பியில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம். ஊஞ்சலிலும் சறுக்கிலும் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு விதிமுறையே கொண்டுவந்தார்கள். உங்கள் டிசைனில் அழகுக்காக அது இருந்தால் எடுத்துவிடுங்கள். கழுத்து அளவையும் பாருங்கள்: ஒரு வயதில் தலைச் சுற்றளவு 45, 46 செ.மீ. இருக்கும், மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட அதேதான். கழுத்தை இழுத்தால் 50 செ.மீ.க்குக் குறையாமல் விரிய வேண்டும், இல்லையென்றால் தோளில் பட்டன் வையுங்கள்.

இனி விலை. குழந்தை உடைக்குத் துணி குறைவு, ஆனால் தையல் குறைவதில்லை. சின்னக் கவுனிலும் அதே தோள், அதே கழுத்து, அதே கை. வாங்குபவர் "இத்துனூண்டு துணிக்கு இவ்வளவா" என்று கேட்கத்தான் செய்வார். கிலோ 500 ரூபாய் என்று வைத்து ஒரு கணக்கு: துணி 70, வெட்டித் தைக்க 55, பிரின்ட் 20, பட்டன் லேபிள் 15, செக்கிங் அயர்ன் பேக்கிங் 12, தைத்ததில் கழியும் பீஸுக்காக 8, மொத்தம் 180. விற்பது 549 ரூபாய்க்கு. அதில் 5 சதவீத ஜிஎஸ்டி போனால் 523. அடக்கம் போக 343. கூரியர் 65, பெட்டி 12, பேமென்ட் கேட்வே 13, விளம்பரம் ஆர்டருக்கு 120 கழித்தால் 133. ஒரு டிசைனில் 80 பீஸ் போட்டு 60 விற்று 20 தேங்கினால், அந்த 20-இன் அடக்கம் 3,600 ரூபாயை விற்ற 60 தலையில் போடுங்கள், பீஸுக்கு 60 ரூபாய். கையில் நிற்பது 73. அந்த 20-ஐத் தள்ளுபடியில் விற்றால் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் அதை நம்பி விலை வைக்காதீர்கள். 399 என்று வைக்கலாமா என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போடுங்கள்.

இன்ஸ்டாகிராம் தொடக்கத்துக்குப் போதும், ஆனால் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். திரும்பி வரும் பார்சலுக்குப் போக வர இரண்டு பக்கக் கூரியரும் உங்கள் தலையில்தான், ஒரு பீஸ் திரும்பினால் ஒரு நல்ல ஆர்டரின் லாபம் முழுசாகப் போகும். முன்பணம் கட்டுபவருக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அது மலிவு. அளவைப் பதிவில் வயதாக மட்டும் போடாமல் மார்பு, உயரம் இரண்டையும் செ.மீ.யில் போடுங்கள், மாற்றிக் கேட்பது குறையும். மதுரையிலேயே இரண்டு பொட்டிக்குகளிடமும் பேசுங்கள். விலையில் 40 சதவீதம் கமிஷன் கேட்டாலும் உங்களுக்கு 134 ரூபாய் நிற்கும், கூரியரும் விளம்பரமும் மிச்சம். சரக்கை வைத்துவிட்டு விற்றால் பணம் என்கிறவர்களிடம் தேதி எழுதி வாங்குங்கள்.

காகித வேலை அதிகமில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் விற்றாலும் பதிவு வேண்டும், இன்ஸ்டாகிராமில் அது முதல் வாரத்திலேயே வரும், எனவே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம்தான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். டிரேட்மார்க்குக்கு ஆடை என்பது 25-ஆம் வகுப்பு, தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். அந்தப் பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று டிரேட்மார்க் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு லேபிள் அச்சடிக்கக் கொடுங்கள்.